பச்சைக் கம்பளமும் பத்து விரல்களும்

கேமரன் மலையைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பாட்டுக்களையும் பயணக் கட்டுரைகளையும் வரிசையாக வைத்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். முதலில் பனி வரும். அடுத்துக் குளிர் வரும். அதன்பின் தவறாமல் ஒரு கம்பளம் விரிக்கப்படும். தேயிலைச் சரிவு என்றால் பச்சைக் கம்பளம். பச்சைக் கம்பளம் என்றால் தேயிலைச் சரிவு. கம்பளத்தின் நடுவே கூடை சுமந்த பெண்ணொருத்தி நிற்பாள். அவள் பெரும்பாலும் புன்னகை புரிவாள். தேயிலைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட படத்திலும் அவள் அவ்வாறே நிற்கின்றாள். பாட்டெழுதுவோர் அவளுக்கு ஒரு வணக்கம் கூறிவிட்டு, மாலை வண்டியில் தாப்பாவுக்கு இறங்கிவிடுவார்.

ஓர் உவமையைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதவேண்டுமா என்று அன்பர்கள் வினவலாம். வேண்டும் என்பதே நம் கருத்து. உவமை என்பது அழகுக்காக ஒட்டிய ஜிகினா அன்று. பாடுகின்றவன் எந்த இடத்தில் நின்றான், நின்றபோது அவன் கையும் காலும் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். கம்பள உவமை காட்டிக்கொடுப்பது யாது? பாடியவர் சாலை வளைவிலோ, சுங்கை பாலாஸ் தோட்டத்தில் பயணிகள் தேநீர் அருந்திக்கொண்டே பள்ளத்தாக்கைப் பார்க்கும் மேடையிலோ நின்றார் என்பதையே. அவர் கையில் கோப்பை இருந்தது. கால் ஓரிடத்தில் நிலைத்திருந்தது. கண் மட்டும் வேலை செய்தது.

தொல்காப்பியர் உவமைக்கு நான்கு வகைகளைக் கூறினார். தொழில் ஒன்று, பயன் ஒன்று, வடிவம் ஒன்று, நிறம் ஒன்று. அவற்றுள் அவர் முதலில் வைத்தது தொழிலை. இறுதியில் வைத்தது நிறத்தை. இந்த உரைகல்லில் கம்பளத்தை உரைத்துப் பார்ப்போம். நிறம் பொருந்தும், ஐயமில்லை. வடிவம் தொலைவிலிருந்து மட்டுமே பொருந்தும். பயன் பொருந்துமா? கம்பளம் மிதிப்பதற்கு, தேயிலையை மிதிப்பவனுக்குத் தோட்டத்தில் இடமில்லை. தொழில் பொருந்துமா? அறவே பொருந்தாது. கம்பளத்தின் மேல் நடப்பவன் கால் மெத்தென்று உணரும். தேயிலை நிரைக்குள் நுழைகின்றவளுக்கோ, இடுப்புயரம் வளர்ந்து கவ்வாத்தால் முறுகிப்போன கட்டைக் கிளைகள் தொடையிலும் முழங்காலிலும் இடிக்கும். பனியில் ஊறிய இலைகள் சேலையை நனைக்கும். காலடியிற் செம்மண் வழுக்கும். நான்கனுள் இரண்டு அறவே தவறின, ஒன்று அரைகுறை, கடைசி ஒன்றே நின்றது. அந்த ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் நம் செய்யுட்கள் இத்தனை காலமும் வாழ்ந்து வந்திருக்கின்றன.

நாம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வகுப்பினர். ஆங்கிலப் பள்ளியிற் பயின்றோர். டாஃபடில் மலரைக் கண்ணால் காணுமுன்பே அதைப் பற்றிய வேர்ட்ஸ்வர்த்தின் பாட்டை மனப்பாடம் செய்தோர். மலைக்காட்சியைப் பாடுவதற்கு அப்புலவரையே முன்மாதிரியாக நம் கவிஞர் பலர் கொண்டனர். ஆனால் அவரிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது காட்சியை மட்டுமே, நடையை எடுத்துக்கொள்ளவில்லை. நாம் நடை என்பது செய்யுள் நடையை அன்று, கால் நடையை. வேர்ட்ஸ்வர்த் நடந்துகொண்டே பாட்டுக் கட்டியவர். அவர் தம் வாழ்நாளில் 175,000 மைலுக்குக் குறையாமல் நடந்திருப்பார் என்று, அவரை நேரில் அறிந்த டி குவின்ஸி என்னும் எழுத்தாளர் கணக்கிட்டார். காலால் நடந்து அறிந்த மலையைப் பாடியவரை, நாற்காலியில் அமர்ந்து பின்பற்றினால் கம்பளந்தான் கிடைக்கும்.

இனி, நாம் சொல்லப்புகுந்த பொருளுக்கு வருவோம். கண்டறிதல், கேட்டறிதல், தொட்டறிதல் என்பன வெளியிலிருந்து நமக்குள் தாமே வந்து விழுபவை என்று பொதுவாக எண்ணுகின்றோம். கண் ஒரு சாளரம். காட்சி அதன் வழியாக உள்ளே வரும். அகத்திருப்பவன் அதனைக் காண்பான் என்பது இவ்வெண்ணம். இது பிழை. உடல் இயங்கும் வகையே புலன் அறியும் வகையை ஆக்குகின்றது. வெறும் தத்துவமாக இதனைக் கூறவில்லை; சோதித்து அறிந்த செய்தியாகவே கூறுகின்றோம்.

அன்பர்கள் தாமே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றுண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றொரு கண்ணின் ஓரத்தை இமையின் மேலாக விரலால் மெல்ல அழுத்துக. எதிரேயுள்ள சுவரும் விளக்கும் அசையக் காண்பீர். அதே கண்ணைத் தாமாகவே இடமும் வலமும் சுழற்றுக. சுவர் அசையாது. இரண்டிலும் கண்ணுள் விழும் உருவம் இடம் பெயரத்தான் செய்கின்றது. ஆயினும் ஒன்றில் உலகம் ஆடுகின்றது. மற்றொன்றில் உலகம் நிலைத்து நிற்கின்றது. ஏன்? கண்ணைத் திருப்புமாறு தான் ஏவிய ஆணையை மூளை அறியும். அதற்கேற்பக் கணக்கைத் திருத்திக்கொள்கின்றது. விரல் தள்ளியபோது அவ்வாணை பிறக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை ஆராய்ந்து எழுதினார். 1950-களின் தொடக்கத்தில் வேறொன்றும் வெளியாயிற்று. ஒன்றையே உற்று நோக்கும்போதுகூடக் கண் நுட்பமாக நடுங்கிக்கொண்டேயிருக்கின்றது. அந்நடுக்கத்தோடு உருவமும் உடன் நகருமாறு கருவியமைத்து, கண்ணுள் உருவத்தை ஒரே இடத்தில் நிறுத்தியபோது, சிறிது நேரத்தில் அவ்வுருவம் மங்கி மறைந்தே போயிற்று. அசையாத கண்ணுக்குக் காட்சியும் இல்லை என்பது இதனால் பெறப்படும்.

1963-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்னும் இருவர் பூனைக்குட்டிகளைக் கொண்டு செய்த சோதனை இன்னும் தெளிவானது. இருட்டில் வளர்த்த குட்டிகளை இரண்டிரண்டாக ஒரு சுழல் தண்டில் பிணைத்தனர். ஒரு குட்டி தன் காலால் நடந்து சுற்றியது. மற்றொன்று சிறு தொட்டிலில் அமர்ந்து, முதற்குட்டி இழுத்த இழுப்புக்கெல்லாம் சுற்றிவந்தது. இரண்டும் கண்டது ஏறத்தாழ ஒரே காட்சி. அவை ஒளியைக் கண்டதெல்லாம் இச்சுழற்சியின்போது மட்டுமே. பின்னர் இரண்டையும் வெளியே விட்டுப் பார்த்தனர். நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு விலகியது. தரையை நெருங்குகையில் பாதத்தை நீட்டியது. முகத்தருகே பொருள் வந்தால் இமைத்தது. தொட்டிலில் சுற்றிய குட்டி இவற்றைச் செய்யவில்லை. அதற்குக் கண்ணிருந்தது, ஆனால் கண்டதைக்கொண்டு நடக்கத் தெரியவில்லை. அமர்ந்திருந்த குட்டி கவனமின்றி இருந்ததுதான் காரணமோ என்று பின்வந்தோர் சிலர் தடை எழுப்பினர். ஒரு சோதனையே முடிந்த முடிபு ஆகிவிடாது என்பதும் மெய்யே. எனினும் வேறு வழியிற் சென்றோரும் இதே திசையில்தான் வந்து சேர்ந்தனர்.

1962-இல் கிப்ஸன் என்பவர் தொடுபுலனை ஆராய்ந்தார். பலகாரம் வெட்டும் சிறு தகட்டு அச்சுக்களை, காணாதவாறு மறைத்து, உள்ளங்கையில் அழுத்தினார். எந்த வடிவம் என்று கூறியவற்றுள் ஏறத்தாழப் பாதியே சரியாயின. அதே அச்சுக்களை விரலால் தாமே வருடிப் பார்க்கவிட்டபோது நூற்றுக்குச் சுமார் 95 சரியாயின. தோலும் அதுவே, அச்சும் அதுவே. விரல் தேடிச் சென்றது என்பதே வேறுபாடு. 1969-இல் பாக்-இ-ரீட்டா என்னும் மருத்துவர், படக்கருவி கண்ட காட்சியைப் பார்வையற்றோரின் முதுகுத் தோலில் அதிர்வுகளாகப் பதியும் கருவியொன்றை அமைத்தார். படக்கருவியைப் பிறர் பிடித்திருந்த வரையில் அவர்கட்கு முதுகில் கூச்சமே தெரிந்தது. தம் கையாலேயே அதனைத் திருப்பத் தொடங்கிய பின்னரே, எதிரே ஒரு பொருள் இருக்கின்றது என்று உணரலாயினர்.

மேல்நாட்டார் கூறினர் என்பதற்காக இவற்றை நம்பவேண்டுவதில்லை. நம் தோட்டங்களிலேயே இவ்வறிவு நாடோறும் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1885-இல் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைக் கண்டு அளந்தார். 1929-இல் ரஸ்ஸல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கினார். அக்காலந்தொட்டுக் காட்டை அழித்துச் சரிவுகளில் நாற்று நட்டவருள்ளும், கொழுந்து கிள்ளியவருள்ளும் நம் தமிழ் மக்கள் பெருந்தொகையினர். அவர்தம் விரல் என்ன அறிந்தது என்பதைச் சற்று விரித்துக் கூறுவோம்.

கொழுந்து கிள்ளுகின்றவள் ஒவ்வொரு குருத்தையும் கண்ணால் பார்த்துத் தேர்ந்து, பின்பு கையை நீட்டுகின்றாள் என்று காண்போர் நினைப்பர். அவ்வாறு செய்தால் பொழுது சாயும், கூடை நிரம்பாது. அவள் கை செடியின் மேல்மட்டத்தில் மேய்ந்துகொண்டே செல்கின்றது. இளங்குருத்து விரலுக்கு வளைந்துகொடுத்து மெல்லிய ஓசையுடன் ஒடியும். முற்றிய காம்பு நாராய் இழுக்கும். இரண்டிலையும் ஒரு குருத்தும் எங்கே முடிகின்றன, முற்றல் எங்கே தொடங்குகின்றது என்பதைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒடிக்கின்ற செயலிலேயே அறிகின்றன. கண் அடுத்த செடியிலோ, மேட்டில் நிற்கும் கங்காணியின் மேலோ, நிரையின் ஓரத்தில் விளையாடும் பிள்ளையின் மேலோ இருக்கும். பனி மூடி எட்டடிக்கு அப்பால் ஒன்றும் தோன்றாத காலையிற் பயணி திகைத்து நிற்பான். அவள் விரல் நிற்பதில்லை. கூடையிலுள்ள எடையைத் தோளும் முதுகும் அறியும். சரிவின் சாய்வைக் கால்விரல் அறியும். மழை வருமுன் இலையின் ஈரத்தை உள்ளங்கை அறியும்.

தொழிற்சாலையினுள்ளும் அதுவே வழக்கம். வாட்டிய இலை பக்குவமாயிற்றா என்று அறிய, ஒரு பிடியெடுத்துக் கையால் இறுக்கிப் பார்ப்பர். காம்பு ஒடியாமல் வளையவேண்டும். உருட்டிய இலை பச்சை வாடை நீங்கிப் பழவாடை கொள்ளும் நொடியை மூக்கு தேடிச்சென்று பிடிக்கவேண்டும். தேநீர்ச் சுவை பார்ப்போர் அதனை மெல்ல அருந்துவதில்லை. காற்றோடு சேர்த்துப் பெரும் ஓசையெழ உறிஞ்சுவர். உறிஞ்சும் அச்செயலால்தான் நறுமணம் மூக்கின் உட்புறத்தை எட்டுகின்றது. ஓசையின்றிக் குடிப்பது நாகரிகமாயிருக்கலாம், சுவை பார்ப்பதாகாது. இதனைப் போலவே தாழ்நிலத் தோட்டங்களில் பால்மரம் வெட்டுவோன், பட்டையுள் உயிர்ப்படலத்தைத் தீண்டாமல் நூலிழை அளவில் கத்தியை நிறுத்துவது, வைகறை இருளில் கண்ணால் அளந்தன்று. கத்தியின் முனை வழியே கை உணர்ந்து நிறுத்துகின்றது. கைத்தடியின் நுனி பார்வையற்றவனுக்குக் கையின் நீட்சியாகிவிடுகின்றது என்று 1945-இல் மெர்லோ-பாந்தி என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதினார். நம் வெட்டுக்காரன் அதனைப் படியாமலே அறிந்திருந்தான்.

எழுத்தரின் கண்ணும் இதற்கு விலக்கன்று. நாடோறும் தராசு முள்ளையும் பேரேட்டையும் நோக்கும் நமக்குக் கொழுந்து என்பது முதலிற் கிலோவாகவே தோன்றும். அதன்பின்பே இலையாகத் தோன்றும். பேனா பிடித்த கையும் ஒரு கையே. அதுவும் தனக்கேற்ற ஓர் உலகத்தைக் காட்டுகின்றது. ஆதலின் ‘நான் உள்ளதை உள்ளவாறே கண்டேன்’ என்று எவனும் எளிதில் கூறிவிட முடியாது. ‘இன்னது செய்துகொண்டிருந்தபோது இவ்வாறு கண்டேன்’ என்பதே நேர்மையான பேச்சு. இலக்கியத் திறனாய்வுக்கு இதைவிடப் பயனுள்ள அளவுகோல் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இவ்வளவுகோல் நமக்குப் புதிதும் அன்று. தொல்காப்பியத்து மரபியல் உயிர்களை அறிவின் வகையால் அடுக்குகின்றது. அவ்வடுக்கின் முதற்படி தொட்டறியும் அறிவு; பின்பு நாக்கு, பின்பு மூக்கு. கண் நான்காவதாகத்தான் வருகின்றது, அதன்பின் செவி, ஆறாவது மனம். கண்ணை அரியணையில் ஏற்றிவைத்தது பிற்காலத்து வழக்கம். நம் மூத்த நூல் உடம்பிலிருந்தே தொடங்கிற்று. உணர்ச்சிக்கு அது வைத்த பெயரும் மெய்ப்பாடு, மெய்யில் தோன்றுவது. இவை யாவற்றினும் மேலாக நாம் எடுத்துக்காட்ட விரும்புவது கருப்பொருளை. ஒரு திணையின் கருப்பொருள்களுள் தெய்வமும், உணவும், விலங்கும், மரமும், பறவையும், யாழும் இருக்கின்றன. அவற்றோடு பறையும் இருக்கின்றது, தொழிலும் இருக்கின்றது. குறிஞ்சி என்றால் மலை என்று மட்டும் நம் கவிஞர் எண்ணிக்கொண்டனர். தினை காப்பதும், தேன் அழிப்பதும், கிழங்கு அகழ்வதும் இல்லாமல் குறிஞ்சி இல்லை. கையால் அறியப்படாத மலை திணையாகாது. அது திரைச்சீலையில் எழுதிய மலை. கேமரன் மலையைக் குறிஞ்சி என்று பாடுவோர், அதன் தொழில் யாது, அதன் பறை யாது என்று கூறக் கடமைப்பட்டவர்.

அங்ஙனமிருக்க, கண்ணையும் கையையும் நாம் பிரித்தது எப்போது? கையால் செய்வோன் தாழ்ந்தவன், செய்யாமல் காண்போன் உயர்ந்தவன் என்று பிறப்பின்மேல் ஏற்றிக் கூறிய சாதி முறையே இப்பிரிவினைக்கு வேர் என்று நாம் கருதுகின்றோம். சேற்றில் இறங்கியவனுக்குக் கல்வியை மறுத்தார்கள். கல்வி பெற்றவனுக்குச் சேற்றை விலக்கினார்கள். அறிந்த கைக்கு எழுத்து இல்லை. எழுதிய கைக்கு அறிவு இல்லை. பறையைத் திணைக்குரிய பொருள்களுள் வைத்தது பழைய இலக்கணம். பறை தொட்டவனையே தீண்டலாகாது என்றது பின்வந்த ஆசாரம். இவ்விரண்டினுள் எது தமிழர்க்குப் பெருமை தருவது என்பதை அன்பர்களே முடிவு செய்க.

கம்பரைப் பற்றிச் செவிவழியாய் வழங்கும் கதையொன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. வழிநடந்து சென்ற கம்பர், ஏற்றம் இறைப்போன் ஒருவன் பாடிய பாட்டின் ஒரு பாதியைக் கேட்டு வியந்தாராம். மறுபாதி யாதாயிருக்கும் என்று எண்ணியெண்ணிப் பார்த்தும் அவர்க்குத் தோன்றவில்லையாம். அன்றைய இறைப்பு முடிந்தபடியால் பாட்டும் அவ்வளவில் நின்றுவிட்டது. இரவெல்லாம் காத்திருந்து, மறுநாள் ஏற்றம் மீண்டும் இயங்கியபோதே மற்றைப் பாதியைக் கேட்டாராம். ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்னும் பழமொழியும் இதனோடு வழங்குகின்றது. கதை நிகழ்ந்ததோ இல்லையோ, அதன் கருத்து கூரியது. அப்பாட்டு நினைவில் இருந்ததன்று. ஏற்றத்தின் ஏற்ற இறக்கத்தில், மிதிக்கின்ற காலில், சாய்கின்ற சாலில் இருந்தது. தொழில் நின்றபோது சொல்லும் நின்றது. கம்பர் போன்ற பெரும்புலவரும் அங்கே காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. காத்திருந்தார் என்பதே அவர்க்குப் பெருமை. நம் கவிஞர் காத்திருப்பதில்லை. பாதியை நாமே கட்டிவிடலாம் என்று துணிகின்றனர்.

தேயிலையைப் பற்றி எழுந்த நூல்கள் சிலவற்றை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். 1935-இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘துன்பக்கேணி’, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்ற மருதி என்னும் பெண்ணின் கதை. அதன் சினத்தை நாம் மதிக்கின்றோம். அக்காலத்தில் இக்கொடுமையைக் கதையாக்கத் துணிந்த எழுத்தாளர் எத்தனைபேர்? ஆயினும் அதனைப் படித்து முடித்தால் மருதிக்கு நேர்ந்தவற்றை அறிகின்றோமேயன்றி, மருதியின் விரல்கள் அறிந்தவற்றை அறிகின்றோமில்லை. துன்பம் அவள்மேல் வந்து விழுகின்றது. அவள் செய்யும் தொழிலின் வழியே நாம் அவளுள் நுழைவதில்லை. சினம் பெரிது, தொடுபுலன் சிறிது.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளியிட்ட நாவலை, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கி 2007-இல் தந்தார். 2013-இல் வந்த ‘பரதேசி’ என்னும் திரைப்படமும் அதனைத் தழுவியதே. நடையழகில் புதுமைப்பித்தனோடு நிற்கக்கூடியதன்று அந்நாவல். எனினும் குளிரும், அட்டையும், காய்ச்சலும் அங்கே செய்தியாக நில்லாமல் தோலில் ஊர்கின்றன. காரணம் வெளிப்படை. டேனியல் தொழிலாளரைக் கையால் தொட்டு நாடி பார்த்தவர். அவர் தொழிலே உடம்புகளோடு. கொழுந்து கிள்ளியவர் அல்லராயினும், தம் கைத்தொழில் திறந்துவிட்ட வாயில் வழியாக அவர் உள்ளே சென்றார்.

இலங்கை மலைநாட்டில் தோட்டத்தில் பிறந்து, தொழிற்சங்கத்தில் உழைத்து, 1947-இல் நாடாளுமன்றமும் புகுந்த சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நெடும்பாட்டொன்று எழுதி வெளியிட்டார். சக்தீ பால ஐயா அதனைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழில் தந்தார். அப்பாட்டு நிறத்தில் தொடங்கவில்லை. வைகறைப் பறையொலியில் தொடங்குகின்றது. தொழிலாளியின் நாள் தொடங்குவது அவ்வொலியில்தான். ஒலி முதலில் உடம்பை எழுப்புகின்றது; எழுந்த உடம்பே பின்பு மலையைக் காண்கின்றது. சாலை வளைவில் நிற்பவனுக்கு இவ்வரிசை கிட்டாது. தொல்காப்பியர் பறையைக் கருப்பொருளென்று வைத்ததன் பொருளை இப்பாட்டில் நாம் மீண்டும் காண்கின்றோம்.

இங்கே ஒரு தடை எழும். ‘அப்படியாயின் கொழுந்து கிள்ளியவளே தேயிலையைப் பாடவேண்டும், மரம் வெட்டியவனே பால்மரத்தைப் பாடவேண்டும் என்கின்றீரோ? நகரத்தார் வாய்மூடி இருக்கவேண்டுமோ?’ என்பர். அன்று. இரண்டு காரணங்களால் அன்று. முதலாவது, தொழில் அறிவைத் தரும். அவ்வறிவைச் சொல்லும் சொல்லைத் தானே தந்துவிடாது. பழகிய விரல் தான் அறிவதை மறந்தே அறிகின்றது. ‘எப்படித் தெரிகின்றது?’ என்று கேட்டால், ‘கைக்குத் தெரியும்’ என்று மட்டுமே மூதாட்டியர் கூறுவர். அக்கை அறிந்ததைச் சொல்லாக்குவது எழுத்தாளன் பணி. மேலும், தேர்ந்த விரலைப் புகழும்போது, அவ்விரல் வெடித்ததையும், கறை படிந்ததையும், அதற்குக் கொடுத்த கூலியையும் மறைத்தல் ஆகாது. கைத்திறனைப் பாடி வயிற்றை மறப்பது கம்பளம் விரிப்பதன் மற்றொரு வகையேயாகும்.

இரண்டாவது காரணம், முன்கூறிய பூனைக்குட்டியின் கதையிலேயே இருக்கின்றது. தொட்டிலில் சுற்றிய குட்டி எக்காலத்தும் குருடாய்க் கிடக்கவில்லை. அதனைத் தொட்டிலிலிருந்து இறக்கி ஒளியுள்ள இடத்தில் தன் காலால் ஓடவிட்டபோது, இரண்டு நாட்களிலேயே அதுவும் தரைகண்டு பாதம் நீட்டக் கற்றது. ஆகவே பிறப்பன்று, பழக்கமே தடை, பழக்கத்தை மாற்றலாம். இது நமக்குப் பெரிய நம்பிக்கை தரும் செய்தி. நகரத்துக் கவிஞர் தொட்டிலை விட்டு இறங்கவேண்டும், அவ்வளவே. ஒரு காலைப்பொழுது நிரைக்குள் நின்று, ஒரு கூடையின் கால்பங்கையேனும் தம் விரலால் நிரப்பிப் பார்க்கட்டும். அதன்பின் அவர் கம்பளம் என்னும் சொல்லை எழுதப் பேனாவை எடுத்தால், அவர் கையே அவரைத் தடுக்கும்.

இதனை இன்றே செய்யவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கையாற் கிள்ளும் முறை நம் தோட்டங்களிற் பெரும்பாலும் போய்விட்டது. பை பூட்டிய கத்தரியும், இருவர் செடிக்கு இருபுறமும் நின்று பிடித்துச் செல்லும் வெட்டுப் பொறியும் வந்துவிட்டன. அவற்றை நாம் பழிக்கவில்லை. உழைப்பின் கடுமை குறைவது நன்றே. பொறி பிடித்தவனுக்கும் ஓர் அறிவு பிறக்கும். அதிர்வைத் தோளால் அறிவான், மட்டத்தை இருவர் நடையின் ஒற்றுமையால் அறிவான். ஆனால் குருத்து ஒடியும் ஓசையை விரலால் கேட்டவர்கள் இன்று முதியோர். அவர்தம் பிள்ளைகள் மலையை விட்டு நகரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றுவிட்டனர். அது விடுதலை, அதனைக் குறைகூறோம். இன்று நிரைகளில் நிற்போருட் பெரும்பாலார் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். நம் பாட்டிமாரின் விரலறிவு எழுத்தில் ஏறாமலே அவர்களோடு மறைந்துபோமாயின், பின்வரும் தமிழ்ப் பிள்ளைக்கு எஞ்சுவது பொட்டலத்தின் மேலுள்ள படம் ஒன்றே. தன் குலம் மலையில் என்ன செய்தது என்று கேட்கும் அப்பிள்ளைக்கு, ‘புன்னகை புரிந்துகொண்டு நின்றது’ என்றா விடை கூறுவது?

ஆகவே எழுதுவோர்க்கும் மலர் வெளியிடுவோர்க்கும் நாம் வேண்டிக்கொள்வன மூன்று. ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் இன்னும் வாழும் முதியோரை நாடிச் செல்க, ‘என்ன துன்பப்பட்டீர்?’ என்பதோடு, ‘எப்படிச் செய்தீர்? கை என்ன அறிந்தது?’ என்றும் கேட்டு, அவர் செய்துகாட்டும்போதே எழுதிக்கொள்க. செயல் நின்றால் சொல்லும் நின்றுவிடும். இன்று கத்தரி பிடிக்கும் வங்காளியும் நேபாளியும் நம் பாட்டனார் நின்ற நிரையில் நிற்போர்; அவரையும் படத்தில் நிற்கும் உருவமாக்காமல், அறிந்த மனிதராகப் பாடுக. ஓர் உவமையை அச்சுக்கு அனுப்புமுன், அதற்குத் தொழிலும் பயனும் பொருந்துகின்றனவா என்று தொல்காப்பியர் முறையில் ஒருமுறை உரைத்துப் பார்க்க. நிறம் மட்டும் பொருந்துவதாயின், அதனை அடித்துவிட்டு நிரைக்குள் இறங்குக.